'முடியாது' என்று சொல்லாத ஊர்

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில், தென்கிழக்குக் கரையோரம் இருக்கிறது டுமகெட்டே. நீக்ரோஸ் ஓரியண்டல் மாகாணத்தின் தலைநகரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,34,103. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு நடுத்தர நகராட்சி, அவ்வளவுதான். 'மென்மையான மனிதர்களின் நகரம்' என்பது ஊரின் பட்டப்பெயர். சுற்றுலாத் துறை எழுதிவைக்கும் இந்த மாதிரி வாசகங்களை நான் பொதுவாக நம்புவதில்லை. இங்கே அது உண்மைதான். ஆனால் அந்த மென்மைக்கு ஒரு சட்டதிட்டம் இருக்கிறது, அதை யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள்.

பவளப்பாறை ஆய்வு தொடர்பாக அங்கே தங்கியிருந்தபோது தெருவிலும் சந்தையிலும் பார்த்துக் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் நிறையப் பேர் பிலிப்பைன்ஸ் போகிறார்கள். பெரும்பாலும் மணிலாவைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறார்கள். மணிலாவுக்கு வெளியே அந்தப் படிப்பு அதிகம் உதவாது.

முதலில் வண்டி. ஊருக்குள் எங்கே போவதானாலும் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தகரக் கூண்டு பொருத்திய வாகனம்தான். மற்ற ஊர்களில் டிரைசைக்கிள் என்பதை டுமகெட்டேக்காரர்கள் பெடிகேப் என்கிறார்கள். ஆறு பேர் உட்காருவார்கள், பள்ளி விடும் நேரத்தில் அதற்கு மேலும் திணித்துக்கொள்வார்கள். நம் ஷேர் ஆட்டோவைப் போலத்தான், ஆனால் நிரந்தர வழித்தடம் கிடையாது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே போகிறார்களோ அதுதான் வழி. நீங்கள் கைகாட்டி நிறுத்தி, போகவேண்டிய இடத்தைச் சொல்கிறீர்கள். அவர் போகும் பக்கமாக இருந்தால் தலையசைப்பார். இல்லையென்றால் 'வராது' என்று சொல்ல மாட்டார். நேராக முன்னால் பார்ப்பார், லேசாகச் சிரிப்பார், வண்டி நகர்ந்துவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். வெளிநாட்டுக்காரன் என்பதால் ஏற்றவில்லை என்று நினைத்துக் குமுறிய ஒரு வட இந்திய மாணவரை எனக்குத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கும் அதே பதில்தான். முகத்துக்கு நேரே மறுப்பது அங்கே கொஞ்சம் முரட்டுத்தனமான காரியம், அதனால் மறுப்பைச் சொல்லாமலே தெரிவிக்கிறார்கள். அடுத்த வண்டி உடனே வந்துவிடும், அதில் ஏறிக்கொள்ளலாம். இறங்கும் இடம் வந்தால் 'லுகார் லாங்' என்று ஒரு குரல் கொடுத்தால் ஓரமாக நிறுத்துவார்.

இந்த 'சொல்லாத மறுப்பு' ஊர் முழுக்க இருக்கிறது. குழாய் பழுதுபார்க்க வருகிறேன் என்றவர் 'உன்யா' என்பார், அப்புறம் என்று பொருள். அந்த அப்புறம் இன்று மாலையா, அடுத்த வாரமா, வரவே போவதில்லையா என்பது அவர் சொன்ன விதத்தில் இருக்கிறது. வழி கேட்டால் தெரியாதவரும் தெரியாது என்று சொல்லி உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடுவார். நான் கைக்கொண்ட உபாயம் இரண்டு. வழியை இரண்டு பேரிடம் கேட்பது ஒன்று. ஆம், இல்லை என்று பதில் வரும்படியான கேள்வியைக் கேட்காமல் இருப்பது இன்னொன்று. 'நாளைக்கு வருவீர்களா?' என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் பதில் வரும். 'நாளைக்கு உங்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?' என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும்.

அந்தத் திசையைக்கூட விரலால் காட்ட மாட்டார்கள், உதட்டால் காட்டுவார்கள். உதட்டைக் குவித்து, முகவாயைச் சற்று உயர்த்தி, அந்தப் பக்கம். புருவத்தை ஒரு தடவை உயர்த்தினால் 'ஆமாம்'. கடையில் போய் 'முட்டை இருக்கிறதா' என்று கேட்டு, கடைக்காரப் பெண் புருவத்தை உயர்த்தினால் அவர் ஆச்சரியப்படுவதாக நினைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கூப்பிடுவதற்கு 'ப்ஸ்ஸ்ட்'. நமக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். அவர்களுக்கு அப்படி இல்லை. பெரியவர்களில் ஆணை மானோங், பெண்ணை மானாங் என்று அழைக்க வேண்டும், நெருங்கிப் பழகினால் நோங், நாங் என்று சுருங்கும். வயதில் சின்னவர்களில் பையனை தோங், பெண்ணை டாய் (Day) என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பையனைக்கூட 'தோங்' என்று கூப்பிட்டால் அவன் நடையே மாறிவிடும்.

அடுத்தது காசு. ஆங்கிலம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் மொழிப் பிரச்சினை பெரிதாக வராது. ஆனாலும் கற்றுக்கொள்வதென்றால் மணிலாப் பக்கத்து மொழியான தகாலோகை விட்டுவிட்டு செபுவானோவில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த தகாலோக் அவர்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டு மொழி இதுதான். இதிலும் ஒரு சுழி உண்டு. எண்ணச் சொன்னால் உசா, துஹா, துலோ என்று தங்கள் மொழியில் எண்ணுகிறவர்கள், விலையும் மணியும் சொல்லும்போது ஸ்பானிஷ் எண்களுக்குத் தாவிவிடுவார்கள். இருபது பெசோ 'பாய்ந்தே', ஐம்பது 'சிங்க்வெந்தா', ஐந்து மணி 'அலாஸ் சிங்கோ'. 1565இல் தொடங்கி 1898 வரை நீண்ட ஸ்பானிய ஆட்சி கல்லாப்பெட்டியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானிஷ் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால் சந்தையில் பாதி வேலை முடிந்தது.

சில்லறையை மறந்துவிடாதீர்கள். காலையில் ஆயிரம் பெசோ தாளை நீட்டினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பக்கத்துக் கடை, எதிர்க்கடை என்று ஓடி மாற்றிக்கொண்டு வந்து தருவார்கள். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் நிற்கும் நிலைதான் தர்மசங்கடம். இந்த ஊர்ப் பொருளாதாரமே சின்னச் சின்னத் தொகைகளில் ஓடுகிறது. தெருவுக்கு நாலைந்து சாரி-சாரி கடைகள், வீட்டு முன்னறையில் கம்பி வலை அடித்து நடத்துவது. ஒற்றை சிகரெட், ஒரு பல் பூண்டு, கால் போத்தல் எண்ணெய், ஒரு தடவைக்கான ஷாம்பு. மாதாந்திர மளிகை வாங்கிப் பழகிய நமக்கு இது செலவு அதிகமான முறை என்று தோன்றும், கணக்குப் போட்டால் உண்மைதான். ஆனால் அன்றாடம் கூலி வாங்குகிறவருக்கு அன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் வாங்க முடியும். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த அறை காலியாக இருக்கிறது, இன்று மின்சாரம் எத்தனை மணிக்கு வரும் என்ற தகவலெல்லாம் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கிறது. பேரங்காடியில் எல்லாம் வாங்குகிறவருக்கு அது கிடைக்காது. நான் முட்டையையும் சோப்பையும் வேண்டுமென்றே தெருக்கடையில் வாங்குவேன்.

சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். டுமகெட்டே பொதுச் சந்தைக்குள் பாய்னிதான் என்று ஒரு பகுதி, சூடாகச் சாப்பிடும் இடம். நீளமான மேசை, பெஞ்சு, ஆவி பறக்கும் பாத்திரங்கள், முன்பின் தெரியாதவர்களோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். புத்தோ மாயா என்பது தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்த ஒட்டரிசி. அதோடு சிக்வாத்தே, உள்ளூர்க் கொக்கோ வில்லைகளைக் கொதிநீரில் கரைத்து மரக்கட்டையால் நுரைக்க நுரைக்கக் கடைந்த கெட்டி பானம். சிலர் சிக்வாத்தேயைச் சோற்றின் மேலேயே ஊற்றிக்கொள்கிறார்கள். மாம்பழக் காலத்தில் பக்கத்தில் ஒரு மாம்பழத் துண்டும் வரும். வாழையிலையில் சுருட்டி வேகவைத்த புத்புத் இன்னொன்று. வடக்கே இருக்கும் தான்ஹாய் நகரத்துப் புத்புத்துக்குத் தனிப் பெயர். அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் இரவுப் பணி முடித்த செவிலியர், மீன் இறக்கிவிட்டு வந்த ஆள், கல்லூரி மாணவர், காலை நடை முடித்த ஓய்வுபெற்ற நீதிபதி எல்லோரும் இருப்பார்கள். ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பெஞ்சு எனக்குக் கிடைக்கவில்லை. பிரபலமான சில்வானாஸ் என்ற வெண்ணெய்-முந்திரி இனிப்பைத் தேடித்தான் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் போகிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டாவது கடியிலேயே திகட்டிவிடும்.

மீன் பகுதியில் தூத்துக்குடிக்காரருக்கு அந்நியம் எதுவும் இல்லை. சீலா, அதாவது வஞ்சிரம், அங்கே தங்கிகே, நெத்திலி அங்கே போலினாவ். சீலாவைத் துண்டு போட்டு, தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த காடியில் ஊறவைத்து, இஞ்சி, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பச்சையாகவே சாப்பிடுவது கினிலாவ். பச்சை மீனா என்று பின்வாங்க வேண்டாம், ஆனால் காலையில் வந்த மீனில் செய்ததா என்று மட்டும் பாருங்கள். போலினாவை உப்பிட்டுப் புளிக்கவைத்த கினாமோஸ் வாசனைக்குப் பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும். நம் கருவாட்டைவிட ஒரு படி மேல்.

ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் நீங்கள் அவருக்கு 'சுகி'. அவரும் உங்களுக்கு சுகி. அதன் பிறகு பேரம் தேவையில்லை, கேட்காமலே நல்ல மீனை எடுத்துவைப்பார், ஒரு கை கூடப் போடுவார். நீங்கள் பத்து நாள் வராமல் வேறு கடையில் வாங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் தெரிந்துகொள்வார். பேரம் பேசுவதிலும் ஒரு அளவு இருக்கிறது. நம் சந்தையில் குரலை உயர்த்திப் பேசுவது விளையாட்டு மாதிரி. அங்கே குரல் உயர்ந்தால் பேச்சு முடிந்தது. சிரித்துக்கொண்டே, மெதுவாக, ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், விலை மட்டும் இறங்காது.

சைவ உணவுக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். காய்கறிப் பொரியலிலும் பன்றிக்கறித் துணுக்கோ இறால் விழுதோ இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் கோழியையும் மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் கோழி, மீன், இறால், பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் எனச் சொல்ல வேண்டும். கைகொடுப்பவை இரண்டு. ஒன்று முருங்கைக்கீரை. அங்கே கமுங்காய் என்ற பெயரில் வேலிக்கு வேலி நிற்கிறது. கீரையை மட்டும்தான் பறிக்கிறார்கள். காயை மரத்திலேயே முற்றி வெடிக்க விட்டுவிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து வீட்டு மானாங்கிடம் கேட்டு, கூடை நிறையப் பறித்துக்கொண்டேன். சாம்பார் வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். குச்சியை எப்படிக் கடிப்பது என்று குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. இரண்டாவது, வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும் பாசிப்பயறுக் குழம்பு. இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கப் பழக்கத்தின் மிச்சம். கருவாடு போடாமல் செய்து தர முடியுமா என்று முந்தின நாளே கேட்டுவைத்தால் செய்து கொடுப்பார்கள்.

அரிசி மட்டும்தான் பிரதானம் என்று நினைத்துக்கொண்டு போனேன். நீக்ரோஸின் இந்தப் பக்கத்திலும் எதிரே இருக்கும் செபுவிலும் வெள்ளை மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துச் சோறாகச் சமைக்கும் வழக்கம் பழையது. மக்காச்சோளச் சோறு ஏழைகளின் உணவாகக் கருதப்பட்டது, இப்போது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வசதியானவர்கள் தேடி வாங்குகிறார்கள். கம்புக்கும் கேழ்வரகுக்கும் நம் ஊரில் என்ன நடந்ததோ அதே கதை.

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கடந்துபோனால் 'காஓன் தா' என்பார்கள், வாருங்கள் சாப்பிடலாம் என்று. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாலும் முதலில் உங்களிடம் நீட்டுவார். உடனே கை நீட்டிவிடக் கூடாது. நன்றி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவையும் வற்புறுத்தினால் உண்மையான அழைப்பு, அப்போது மறுத்தால்தான் வருத்தம். நமக்குத் தெரியாத வழக்கமா என்ன? இந்த விஷயத்தில் ஐரோப்பிய மாணவர்கள் படும் குழப்பம் தமிழருக்கு இல்லை. குளியலறையில் வாளியும் குவளையும் இருக்கும் நாடு என்பதும் நமக்குக் கூடுதல் ஆறுதல்.

சாயங்காலமானால் ஊர் மொத்தமும் ரிசால் புலவார்டுக்கு வந்துவிடும். கடலை ஒட்டிய நடைபாதை, பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், எதிரே கடலுக்கு அப்பால் சிகிஹோர் தீவின் நிழல். தெற்கே மிந்தனாவோ தீவின் தபிதானில் நாடுகடத்தப்பட்டிருந்தார் பிலிப்பைன்ஸின் தேசிய வீரரான ஹோசே ரிசால், 1896 ஆகஸ்டில் மணிலாவுக்குத் திரும்பும் வழியில் அவருடைய கப்பல் இங்கே நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாலையின் மறுபக்கம் கரும்பு முதலாளிகள் கட்டிய பழைய மாளிகைகள், இப்போது உணவகங்களும் விடுதிகளுமாகிவிட்டன. நடைபாதையில் தெம்புரா கடைகள் இரவு வரை நடக்கும். மீனும் மாவும் கலந்த துண்டுகளைக் குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள், எத்தனை குச்சி தின்றோம் என்று கடைசியில் நாமே எண்ணிச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். யாரும் சரிபார்த்து நான் பார்த்ததில்லை. இரவு ஏற ஏற, பாதி வளர்ந்த வாத்துக் கருமுட்டையான பலுத் விற்பவர் கூவிக்கொண்டு வருவார். அதை நான் கடைசி வரை தொடவில்லை, தொடும் உத்தேசமும் இல்லை.

புலவார்டின் ஒரு முனையில் சில்லிமன் பல்கலைக்கழகம். 1901 ஆகஸ்ட் 28 அன்று பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் பதினைந்து பையன்களோடு தொடங்கிய பள்ளி அது. இன்னும் மூன்று பல்கலைக்கழகங்கள் இந்தச் சிறு ஊரில் இருக்கின்றன. அதனால் மாணவர்களுக்கு வாடகை அறை கிடைப்பது சுலபம், ஆனால் ஆகஸ்டில் தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஒரு மாத முன்பணம், இரண்டு மாத வைப்புத்தொகை வழக்கம். குடிநீருக்கு நீல நிறக் கேன், தெருமுனை நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம். துணி துவைக்கக் கிலோ கணக்கில் காசு.

என் வேலையை ஒட்டிய ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. டுமகெட்டேக்குத் தெற்கே, படகில் போகும் தூரத்தில் ஆப்போ தீவு. உலகம் முழுக்கப் பவளப்பாறைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். சில்லிமனைச் சேர்ந்த ஏஞ்செல் அல்காலா என்ற கடல் உயிரியலாளர் 1974இல் செபுவுக்கு அருகே சுமிலோன் தீவில் மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதி ஒன்றை ஏற்படுத்தினார். மீன் பெருகியது. ஆனால் அது மேலிருந்து வந்த ஏற்பாடு. 1980களில் உள்ளூர் அரசியல் மாறியதும் பாதுகாப்பு குலைந்து, சேர்ந்த மீனெல்லாம் வலைக்குள் போய்விட்டது. ஆப்போவில் அதே அணி வேறு வழியில் போனது. தீவிலேயே போய்த் தங்கி, மீனவர்களோடு பேசிப் பேசி, 1982இல் பாறையின் ஒரு சிறு பகுதியை அவர்களே காவல் காக்க ஒப்புக்கொண்டார்கள். தடை போட்டவர்கள் மீனவர்கள், அதனால் தடை நிலைத்தது. மன்னார் வளைகுடாவில் தடையும் மீனவரும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்துவிட்டுப் போன எனக்கு, அந்தத் தீவின் கிழவர்களோடு பேசியதுதான் அந்தப் பயணத்தின் பெரிய லாபம். 2011, 2012 டிசம்பர்களில் அடுத்தடுத்து வந்த சென்டோங், பாப்லோ புயல்களில் அந்தப் பாதுகாக்கப்பட்ட பாறை நொறுங்கிப்போனது. அதன் பிறகும் அவர்கள் காவலைக் கைவிடவில்லை. அல்காலா 2023இல் காலமானார். ஆப்போவுக்குப் போனால் நுழைவுக் கட்டணம் அதிகமாக இருக்கிறதே என்று முணுமுணுக்காதீர்கள். ஆமைகளைத் தொட வேண்டாம், அவை தானாகவே பக்கத்தில் மேயும்.

புயல் என்றதும் ஞாபகம் வருகிறது. வானிலை மையமான பகாசா ஒன்று முதல் ஐந்து வரை புயல் எண் அறிவிக்கும். எண் ஒன்று ஏறினாலே சிறு படகுகளை நிறுத்திவிடுவார்கள், பல சமயம் பெரிய ஃபெர்ரியும் நிற்கும். அதனால் ஃபெர்ரியில் செபு போய் அதே நாளில் விமானம் பிடிக்கும் திட்டம் எந்த மாதத்திலும் வேண்டாம், டிசம்பரில் வேண்டவே வேண்டாம். மின்வெட்டுக்கு அங்கே பிரவுன்அவுட் என்று பெயர்.

சாவு வீட்டு மரியாதையும் தெரிந்திருக்க வேண்டியது, ஏனென்றால் பக்கத்து வீட்டில் நடந்தால் நீங்கள் போகாமல் இருக்க முடியாது. உடலைக் கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் வீட்டு முன்னறையிலேயே பல நாள் வைத்திருப்பார்கள். துபாயிலோ ஹாங்காங்கிலோ வேலை பார்க்கும் மகள் வந்து சேரும்வரை அடக்கம் காத்திருக்கும். இதற்கு ஹாயா என்று பெயர். இறந்தவரைத் தனியே விடக்கூடாது என்பதால் இரவெல்லாம் யாராவது விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கச் சீட்டும் மாஜோங்கும். வெற்றிப் பணத்தில் ஒரு பங்கு அடக்கச் செலவுக்குப் போகும். வெளியே சூதாட்டச் சத்தம், உள்ளே ஜெபமாலை. முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனால் ஒரு உறையில் உங்களால் முடிந்ததை வைத்துக் கொடுக்கலாம். கொடுக்கும் காப்பியையும் பிஸ்கட்டையும் மறுக்க வேண்டாம். வீட்டார் நன்றி சொல்ல மாட்டார்கள், வாசல்வரை வழியனுப்பவும் மாட்டார்கள். அது அசிரத்தை இல்லை, வழக்கம். திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் வேறெங்காவது நின்றுவிட்டுப் போவார்கள், நீங்களும் அவர்களோடு ஒரு பேக்கரியில் நின்றுவிட்டுப் போங்கள்.

நவம்பர் முதல் இரண்டு நாட்களும் கலாக்-கலாக். குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குச் சோறு, பாய், குடையோடு போய், இரவு அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடியில் கல்லறைத் திருநாள் பார்த்து வளர்ந்த எனக்கு மெழுகுவர்த்தியும் பூவும் பழக்கம்தான், பாட்டுப் பெட்டியும் பொரித்த கோழியும்தான் புதிது. சிறு பிள்ளைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டையாக்கி எடைக்கு விற்கிறார்கள். கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? செப்டம்பர் முதல் தேதியே கடைகளில் பாட்டு ஆரம்பித்துவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை, முடிந்ததும் பீபிங்கா என்ற அரிசிமாவு அப்பமும் சிக்வாத்தேயும். கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் ஒருநாள் எழுந்து போய்ப் பாருங்கள்.

இந்தியர் என்று தெரிந்ததும் தெருப் பிள்ளைகள் 'பும்பாய்' என்பார்கள். நாடு முழுக்க மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக, கடை கடையாகப் போய்ச் சிறு கடன் கொடுத்து வசூலிக்கும் பஞ்சாபியர்களால் வந்த பெயர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும், அதனால் அந்தத் தொழிலுக்கே ஃபைவ்-சிக்ஸ் என்று பெயர். வங்கி கடன் தராத சந்தைக் கடைக்காரர்களுக்கு அவசரத்துக்கு அதுதான் கதி. அழும் பிள்ளையிடம் 'பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவான்' என்று மிரட்டுவதும் உண்டு. தமிழர், மலையாளி, பஞ்சாபி என்ற வித்தியாசமெல்லாம் அங்கே எடுபடாது. என் மீன்கார மானாங் ஒருநாள் குரலைத் தாழ்த்தி, வட்டி எவ்வளவு வாங்குவாய் என்று என்னிடமே கேட்டார். கோபப்படாமல், கடன் கொடுக்க என்னிடம் காசு இருந்தால் நான் ஏன் போலினாவ் வாங்குகிறேன் என்று சொன்னதும் கடை வரிசையே சிரித்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் அங்கே பும்பாய் என்று கூப்பிடவில்லை.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 59 நாட்களுக்கு மேல் தங்கினால் வெளிநாட்டவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் இல்லாமல், மாணவர் விசா போன்றவற்றில் அட்டை வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முதல் 60 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள், பிப்ரவரி கடைசியில் வரிசை நீளும். அலுவலகங்களுக்கு அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏதாவது ஒரு புதன்கிழமை காலி வைத்துக்கொண்டு மலாதாபாய் சந்தைக்குப் போங்கள். டுமகெட்டேயிலிருந்து தெற்கே போகும் மஞ்சள் நிற செரெஸ் பேருந்தில் ஏறி நடத்துநரிடம் சொல்லிவைத்தால் இறக்கிவிடுவார். சம்போவாங்கிதா வட்டாரத்தில், கடற்கரையை ஒட்டிய மண் மைதானம். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் காய்கறியும் எருமையும் ஆடும் பன்றியும் கொண்டுவருவார்கள், கடல் பக்கத்திலிருந்து மீனும் கருவாடும் வரும். மூங்கில் கூடை, பாய், வெட்டுக்கத்தி எல்லாம் நகரத்தைவிட மலிவு. சிவந்த நிறத்தில் ஒரு கள் கிடைக்கும், துபா. சதுப்புநில மரப்பட்டையைப் போட்டுச் சிவக்க வைக்கிறார்கள். நம் தென்னங்கள்ளைவிடத் துவர்ப்பு அதிகம், வெயிலில் இரண்டாவது குவளை வேண்டாம். ஆப்போ தீவுக்குப் படகும் அங்கிருந்தே புறப்படுகிறது, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம், முதலில் சந்தை, அப்புறம் தீவு. முழுப் பன்றியை மூங்கிலில் கோத்துத் தணலில் சுட்ட லெச்சோனைக் கத்தியால் கொத்தி எடை போட்டுத் தருவார்கள். மொறுமொறுத் தோல் வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள், அதற்கு மேல் போனால் வெறும் கறிதான் மிஞ்சியிருக்கும்.